ஏட்டில் இரண்டு சவரிமுத்து

சேசு மரி சூசை துணை.

மகன் ஆரோக்கியத்துக்கு அம்மா எழுதுவது. இது என் கையெழுத்துத்தான். வழக்கமாகக் கோவில் உபதேசியார் மகளைக் கூப்பிடுவேன், நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள். இந்தக் கடிதத்தை இன்னொருத்தி காதில் போட முடியாது. கன்னியர் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்ததை வைத்துக்கொண்டு, காலையில் கோழிகளைத் திறந்துவிட்டதும் வாசல் வெயிலில் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு ஒரு பக்கமாக எழுதுகிறேன். நீ இதை முதலில் தனியாகப் படி. படித்த பிறகு மருமகளிடம் காட்டுவதா வேண்டாமா என்பதை நீயே பார்த்துக்கொள்.

போன மாதம் நீ தாண்டிக்குடியிலிருந்து எஸ்டேட் ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்தாய். பிள்ளை பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. உட்காரக்கூட இல்லை. "அம்மா, பிள்ளைக்கு அண்ணன் பேரைத்தான் வைக்கப் போறேன். வர்ற ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம்" என்றாய். நான் வேண்டாம் என்றேன். "ஏன்?" என்றாய். "வேண்டாம்னா வேண்டாம்" என்றேன். அப்போது நீ கேட்டதை நான் ஒரு எழுத்து விடாமல் வைத்திருக்கிறேன். "செத்தவன்னு சொல்லி அவன் பேரைக் கோவில்ல வாசிக்கவும் விட மாட்டே. உயிரோட இருக்க பிள்ளைக்கு வைக்கவும் விட மாட்டே. அவன் பேரை நீ என்னதாம்மா செய்யப் போறே?" என்று கேட்டாய். நான் உன்னை வாசலைத் தாண்டிப் போகச் சொன்னேன். போனவன் திரும்பி வரவில்லை. ஞானஸ்நானமும் நடக்கவில்லை, அந்தப் பெயர்தான் வேண்டும் என்று நீ தள்ளிப்போட்டிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். இன்றோடு ஐம்பத்து மூன்று நாள். ஞானஸ்நானம் இல்லாமல் ஒரு பிள்ளை ஐம்பத்து மூன்று நாள் இருந்தது நம் வீட்டில் இதுவரை கிடையாது. அதற்கு நான்தான் காரணம். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உனக்குத் தெரிந்து உனக்கு ஒரு அண்ணன். நான் பெற்ற சவரிமுத்து இரண்டு பேர். முதல் சவரி, வெள்ளைக்காரர்களுக்குள் பெரிய சண்டை நடந்த காலத்தில் பிறந்தான். எட்டு மாதத்தில் காய்ச்சல் கண்டது. மழையில் ரோடு சரிந்து பஸ் வராத நாள் அது. நம் ஊரிலிருந்து கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு உன் அப்பாவும் நானும் பிள்ளையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு நடந்தோம். சோலைக்காட்டு வளைவு தாண்டும்போது பிள்ளையின் உடம்பு கனத்தது. உன் அப்பாவிடம் நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரை, தூங்குகிறான் என்றே சொல்லிக்கொண்டு நடந்தேன். அங்கே பார்த்துவிட்டுக் கோவிலுக்குப் போகச் சொன்னார்கள். கல்லறைத் தோட்டத்தின் தெற்குச் சுவர் ஓரத்தில் வைத்தோம். மூன்று வருஷம் கழித்து அடுத்த ஆண் பிள்ளை பிறந்தபோது அதே பெயரை வைத்தோம். சவேரியாருக்கு நேர்ந்துகொண்ட பெயர், அதை மாற்றக் கூடாது என்று உன் அப்பாவைப் பெற்ற ஆத்தா சொன்னாள். நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள். ஆகையால் கொடைக்கானல் கோவில் ஞானஸ்நான ஏட்டில், ஒரே தகப்பன், ஒரே தாய், சவரிமுத்து என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறது. இதை மறக்காமல் வைத்துக்கொண்டு மேலே படி.

உன் அத்தை மதலேனை எனக்கு ஏன் ஆகாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாய். சொல்கிறேன். அவள் மகன் மரியான் பட்டாளத்தில் சேர்ந்து முதல் லீவில் வந்தது ஒரு கிறிஸ்மஸ். காக்கி உடுப்பும் பூட்ஸும் போட்டுக்கொண்டு கோவில் நடுப்பாதையில் டக் டக் என்று நடந்து போனான். சாமியாருக்கு ஒரு பட்டாளத்துக் கம்பளி கொடுத்தான். பூசை முடிந்து வாசலில் நாலு பேர் நிற்கும்போது மதலேன் என்னைப் பார்த்து, "எம்மவனுக்குச் சர்க்கார் உடுப்பு கெடச்சிருச்சு மதினி. உம்மவன் முதுகுக்கு என்ன, பூண்டு மூட்டைதானா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சவரி பக்கத்தில் நின்றான். அவனும் சேர்ந்து சிரித்தான். அவனுக்கு ரோசம் குறைவு. எனக்கு அப்படி இல்லை. அந்த வார்த்தையை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து தினமும் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த வருஷம், பூண்டு முற்றி நின்ற சமயம், சவரி காவலுக்கு இருந்தவன் தூங்கிவிட்டான். மாடுகள் இறங்கி இரண்டு தட்டு வயலை மிதித்துவிட்டன. உன் அப்பா அவனை மாட்டுக் கயிற்றால் அடித்தார். நீ கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாய். பதினைந்து நாளில் சவரி பட்டாளத்துக்குப் போய்விட்டான். அப்பா அடித்ததால்தான் போனான் என்று நீ அன்றைக்கு முடிவு கட்டினாய். அவன் போன பிறகு அவர் தட்டில் நீ ஒரு நாளும் சோறு போட்டதில்லை. அவர் கூப்பிட்டால் என்னைப் பார்த்துப் பதில் சொன்னாய். அவர் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, "நான் அடிச்சு விரட்டிப்புட்டேன், இல்லையா?" என்று என்னைக் கேட்டார். நான் வெந்நீர் எடுக்க எழுந்து போய்விட்டேன். ஆரோக்கியம், அவர் கையால் அடி வாங்கிய அன்று ராத்திரியே சவரி அவருக்கு முதுகு தேய்த்துவிட்டான். தகப்பனும் மகனும் மறுநாள் சேர்ந்துதான் வேலி கட்டினார்கள். அவனை அனுப்பியது கயிறு இல்லை. நான்.

வேலி கட்டிய வாரத்தில்தான் மரியானிடமிருந்து அவனுக்குக் கடுதாசி வந்தது. அடுப்படியில் வந்து உட்கார்ந்து, "திண்டுக்கல்ல ஆள் எடுக்குறாங்களாம்மா. மரியான் மச்சான் எழுதியிருக்கான். ஆனா வயசுக்குக் காகிதம் கேப்பாங்களாம். நமக்குக் கோவில் காகிதம்தானே இருக்கு, அது பதினாறுன்னு சொல்லிப்புடும்" என்றான். சொல்லிவிட்டு, ஏமாற்றம்கூட இல்லாமல், பக்கத்தில் கிடந்த கிழங்கை எடுத்துச் சுடப் போட்டான். அவன் அதோடு விட்டிருப்பான். நான்தான், "காகிதம் நான் வாங்கித் தர்றேன். நீ சோலியப் பாரு" என்றேன். "எப்படிம்மா?" என்று கேட்டான். சொன்னேன். கிழங்கைத் திருப்பிப் போட்டுவிட்டு, "சின்ன சவரி பாவம்மா" என்றான். தனக்கு முன்னால் பிறந்த அண்ணனை அவன் எப்போதும் சின்ன சவரி என்றுதான் சொல்வான்.

மறுநாள் வெள்ளனே பஸ் ஏறி நான் மட்டும் போனேன். அப்போதைய உபதேசியார் புதிதாக வந்தவர், நம் வீட்டுக் கதை தெரியாது. ஏட்டைப் புரட்டி, "சவரிமுத்து ரெண்டு இருக்கேம்மா. தகப்பன் பேரும் ஒண்ணு, தாய் பேரும் ஒண்ணு. எதும்மா உங்க பிள்ளை?" என்று கேட்டார். நான் எழுந்து போய், முந்தின பக்கத்தில் இருந்த பெயர்மேல் விரலை வைத்தேன். "இதுங்க" என்றேன். "அப்ப பின்னால இருக்கிறது?" என்று கேட்டார். அதற்கு நான் தயாராகப் போகவில்லை. ஆனாலும் வாய் தடுமாறவில்லை. "அது செத்துப்போச்சுங்க" என்றேன். அவர் வருத்தத்தோடு தலையை ஆட்டிவிட்டு எழுதினார். சாமியார் கையெழுத்துப் போட்டார். பீடத்தில் நற்கருணை விளக்கு எரிவது அந்த அறையிலிருந்து தெரியும். அந்த விளக்கைப் பார்க்கிற தூரத்தில் நின்றுகொண்டு, வீட்டில் வேலி கட்டிக்கொண்டிருக்கிற பிள்ளையை நான் செத்துப்போனது என்று சொன்னேன். உடுப்புப் போட்ட மகனோடு மதலேனுக்கு முன்னால் ஒரு தரம் கோவிலுக்குள் நடக்க வேண்டும், அதற்காகச் சொன்னேன். வேறு ஒரு காரணமும் இல்லை.

நடந்தேன். பயிற்சி முடிந்து ஒரு பாஸ்கு திருநாளுக்கு வந்தான் அல்லவா, உனக்கு ஞாபகம் இருக்கும், தொப்பியை உன் தலையில் வைத்து வேடிக்கை காட்டினான். அன்று அவனோடு மதலேன் உட்கார்ந்திருந்த வரிசையை உரசிக்கொண்டு நடந்தேன். கேட்டது கிடைத்தது. ஒரு பூசை நேரம். அதற்குப் பிறகு கடுதாசிதான். "அம்மா, நம்ம ஊர்க் குளிரெல்லாம் ஒரு குளிரா? இங்கே பனி முழங்கால் வரைக்கும் கெடக்கு. மலைக்காரன் தாங்குவான்னு என்னைத்தான் முன்னால அனுப்புறாங்க. பட்டாளத்துக் கணக்குல எனக்கு இருபது வயசு. சின்ன சவரி வயசையும் சேர்த்து நானே வாழ்ந்துக்கிட்டிருக்கேன்" என்று எழுதியிருந்தான். அதை நீதான் எனக்குப் படித்துக் காட்டினாய். கடைசி வரி புரியாமல் கேட்டாய். "கேலி பண்றான்" என்று சொல்லி மடித்து வைத்துவிட்டேன்.

சீனாக்காரன் சண்டை முடிந்து, முதலில் காணவில்லை என்று காகிதம் வந்தது. பல மாதம் கழித்து, இறந்ததாகக் கொள்ளப்படுகிறார் என்று இன்னொன்று. உடம்பு வரவில்லை, பெட்டி வரவில்லை, ஒரு பொத்தான்கூட வரவில்லை. அவனுக்கு நிஜத்தில் பதினேழுதான் முடிந்திருந்தது. இரண்டாம் காகிதத்தை நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். அதில் பிறந்த தேதி என்று போட்டிருந்தது முதல் சவரியுடையது. அப்போது என் புத்தி ஒரு வேலை செய்தது. சர்க்கார் செத்ததாகச் சொல்வது எட்டு மாதத்தில் போன பிள்ளையை, அவன் செத்தது எனக்கு முன்பே தெரியும், என் மகனைப் பற்றி இதில் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். ஏழு வருஷம் அதைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கல்லறைத் திருநாளுக்கு வீட்டுக்கு வீடு இறந்தவர் பெயர் எழுதி வாங்க வருவார்கள். உன் அப்பா பெயரைக் கொடுத்தேன், உன் ஆத்தா பெயரைக் கொடுத்தேன். சவரி பெயரைக் கேட்டால் கதவைச் சாத்தினேன். நம்பிக்கை என்று ஊரில் சொன்னார்கள். பயம்தான். அந்தப் பெயரை நான் ஒரு தரம் செத்தவர் கணக்கில் என் வாயாலேயே சேர்த்தாயிற்று. இன்னொரு தரம் சொன்னால் அது மெய்யாகிவிடும்.

இன்னும் இருக்கிறது. பாகிஸ்தான் சண்டையில் மரியான் செத்த செய்தி வந்தது. ஊரே மதலேன் வீட்டில் இருந்தது. நான் போகவில்லை. வயலிலிருந்து கேட்டேன் அவள் அழுகையை. என் வயிறு குளிர்ந்தது, ஆரோக்கியம். அன்றைக்குச் சமைத்து, வயிறாரச் சாப்பிட்டேன். தாய் என்று சொல்லிக்கொள்கிற ஒருத்தி அப்படிச் செய்யலாம் என்று நீ தெரிந்துகொள். அடுத்த ஞாயிறு கோவிலுக்குப் போனேன். பூசையை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாற்றிக்கொண்டிருந்த காலம். நன்மை வாங்குவதற்கு முன்னால் மூன்று தரம் நெஞ்சில் தட்டிக்கொண்டு சொல்வோமே, பிறந்ததிலிருந்து அதற்குத் தட்டியிருக்கிறேன், என்ன கேட்கிறோம் என்று தெரியாது. அன்று தமிழில் காதில் விழுந்தது. சமாதானத்தைத் தரச் சொல்லிக் கேட்கிறோம். ஐம்பது வருஷமாக, ஒவ்வொரு ஞாயிறும், புரியாமலேயே நான் சமாதானம் கேட்டிருக்கிறேன். முந்தின வாரம் என் வயிறு குளிர்ந்தது நினைவுக்கு வந்தது. கை நெஞ்சுக்கு வரவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன். உன்னிடம் தலைவலி என்று சொன்னேன்.

நீ போன மாதம் கேட்டுவிட்டுப் போன கேள்வியோடு இரண்டு வாரம் இருந்தேன். பிறகு பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். இத்தனை வருஷம் கோழி திருடியவளைத் திட்டியதையும் பூசை தவறியதையும் சொல்லிவிட்டு வந்தவள், இந்தத் தரம் ஏட்டில் விரல் வைத்ததிலிருந்து தொடங்கினேன். சாமியார் இளவயதுக்காரர். கடைசி வரை கேட்டார். பிறகு, "உங்க மகனைக் கொன்னது சண்டைம்மா. நீங்க சொன்ன சொல் இல்லை. கடவுள் அப்படிக் கணக்குத் தீர்க்கிறவர் இல்லை. ஆனா பொய் உங்களோடதுதான்" என்றார். அவர் முதலில் சொன்னதை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை. இரண்டாவதாகச் சொன்னது எனக்குப் புரிந்தது. "சீனாக்காரனை மன்னிக்க எனக்கு முடியலங்க சாமி. மதலேனையும் முடியல" என்றேன். "முடியும்போது செய்ங்க. முதல்ல பேரைக் கொடுங்க" என்றார். அதுதான் எனக்கு அவர் கொடுத்த அபராதம். செபமாலையில் பத்து மணி செபமும் சேர்த்து.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் நானே போய்ப் பெயர் கொடுத்தேன். இப்போதைய உபதேசியார் பேனாவைத் திறந்துகொண்டு, "வயசு?" என்று கேட்டார். "பதினேழு" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். இந்த ஊரில் பட்டாளத்து சவரிமுத்துவுக்குப் பதினேழு என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. "பதினேழுதாங்க. எழுதுங்க" என்றேன். மறுநாள் பூசையில் அவன் பெயரை வாசித்தார்கள். மரியானுடைய பெயருக்கு அடுத்து வந்தது. ஒன்றும் இடிந்து விழவில்லை. நித்திய இளைப்பாற்றி என்று எல்லோரோடும் நானும் சொன்னேன்.

பிறகு எல்லோரும் அவரவர் கல்லறைக்குப் போனார்கள். உன் அப்பாவுக்கும் தெற்குச் சுவர் ஓரத்தில் சின்ன சவரிக்கும் மெழுகுவர்த்தி கொளுத்தினேன். உடம்பு வராதவர்களுக்கு நடுவில் இருக்கிற பெரிய சிலுவையின் அடியில்தான் கொளுத்த வேண்டும். அங்கே மதலேன் குந்தியிருந்தாள். மண்ணெண்ணெய் டின்னை ஒரு பக்கம் வெட்டி, காற்றுக்கு மறைப்பாக வைத்து, உள்ளே அவள் மெழுகுவர்த்தி எரிந்தது. நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து கொளுத்தினேன். அணைந்தது. மறுபடி கொளுத்தினேன். மறுபடியும். மூடுபனி வேறு ஏறிக்கொண்டிருந்தது. நாலாவது குச்சி அணைந்ததும் அவள் என்னைப் பார்க்காமலே, "ஏழு வருசமா தீப்பெட்டி கெடைக்கலையா மதினி?" என்றாள். எனக்கு வாயில் வந்ததை எல்லாம் விழுங்கினேன். அவள் டின்னை நகர்த்தி, "உள்ள வையி. வெரசா வையி, காத்து வருது" என்றாள். வைத்தேன். இரண்டும் எரிந்தன. அணையும் வரை இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். கால் மரத்துப்போய் நான் எழுந்திருக்க முடியாமல் தடுமாறியபோது கையைக் கொடுத்தாள். பூண்டு மூட்டை என்று அவள் சொன்னதை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. என் கையை நான் இழுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். நான் கேட்டுக் கேட்டுத் தட்டிய சமாதானம், கிடைத்தால் இந்த அளவில்தான் கிடைக்கும் போலிருக்கிறது. சண்டை போடுகிற சர்க்கார்களுக்குள் எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. இனி எந்தத் தாயும் அந்தச் சிலுவையடிக்கு டின் வெட்டிக்கொண்டு வரக் கூடாது என்று மட்டும் கேட்கிறேன். இப்போது அர்த்தம் தெரிந்து கேட்கிறேன்.

நீ இனி என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது. ஒரு தகப்பனை உனக்கு இல்லாமல் செய்தேன், வாயை மூடிக்கொண்டிருந்தே செய்தேன். அதற்கு நீ என்னிடம் பேசாமல் இருந்தால் அது நியாயம். நான் மறக்காதவள், என் வயிற்றில் பிறந்தவன் நீ, உனக்கும் அது இருக்கும். ஆனால் அவருடைய கல்லறைக்கு ஒரு தரம் போ. அவர் கேட்ட கேள்விக்கு, இல்லை என்று சொல்லிவிட்டு வா. என்னைவிட உன் வாயால் சொன்னால் அவருக்குக் கேட்கும்.

பெயரை வை. நான் தடுத்தது பெயருக்கு ஆகாது என்பதால் இல்லை, எனக்கு அந்தப் பெயரைக் கூப்பிட வாய் இல்லை என்பதால். ஒன்று மட்டும் கேட்கிறேன். ஞானஸ்நானத்தைத் தாண்டிக்குடியில் கொடுக்காதே. பிள்ளையை இங்கே கொண்டுவா, அதே கோவிலில், அதே ஏட்டில் எழுத வேண்டும். என் முகத்தில் விழிக்க மனம் இல்லையென்றால் சொல்லி அனுப்பு, நான் வெளியே கேட் அருகில் நிற்கிறேன். உபதேசியார் எழுதும்போது நீ பக்கத்தில் நில். பிறந்த தேதியை ஒரு நாள் கூட்டாமல் குறைக்காமல் எழுதச் சொல்லிப் பார். பின்னாளில் என்றைக்காவது யாராவது அந்த ஏட்டைப் புரட்டி, சவரிமுத்து மூன்று இருக்கிறதே, எது என்று கேட்டால், நீ எழுந்து போய் சரியான இடத்தில் விரலை வை. வைத்து, இவன் உயிரோடு இருக்கிறான் என்று சத்தமாகச் சொல்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்